ஊசிக்கு முன்னால் நோட்டுப் புத்தகத்தைக் காட்டு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கடைவீட்டு மாடியில் ஒரு சின்ன ஜிம் நடத்துகிறேன். நேரில் கேட்க வெட்கப்படுகிறவர்கள் எழுதிப் போடட்டும் என்று போன மாதம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு காலி மைலோ டின்னை வைத்தேன். வந்த சீட்டில் பாதிக்கு மேல் ஸ்டீராய்டு, அதாவது தசை ஏற்றப் போடுகிற ஹார்மோன் ஊசி, மாத்திரை பற்றித்தான், மீதி அதைச் சுற்றி வளைத்துக் கேட்டவை. முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, வயது 19. எட்டு மாதமாக வருகிறேன், 58 கிலோவிலேயே நிற்கிறேன். ஒரு சைக்கிள் (சில வாரம் தொடர்ந்து ஸ்டீராய்டு) போட்டால் என்ன?

தம்பி, பேர் எழுதாவிட்டாலும் கையெழுத்தை வைத்தே ஆள் யாரென்று தெரிகிறது. எட்டு மாதம் என்கிறாய், வருகைப் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தால் மொத்தம் நாற்பத்தொரு நாள்தான் வந்திருக்கிறாய், அதிலும் கால் பயிற்சி செய்து நான் பார்த்ததே இல்லை. போன வாரம் எத்தனை கிலோ தூக்கினாய் என்று கேட்டால் சுவரைப் பார்க்கிறாய். முதலில் எண்பது சென்னுக்கு ஒரு நோட்டு வாங்கு. வாரத்துக்கு மூன்று நாள் ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட், தோளுக்கு மேல் தூக்குவது, ரோயிங், புல் அப், இவ்வளவு போதும். இன்று 40 கிலோவை ஐந்து ஐந்தாக மூன்று முறை சுத்தமாகச் செய்தால் அடுத்த முறை 42.5, அதை எழுதி வை.

அப்புறம் சாப்பாடு. காலையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும், மதியம் சோறு கொஞ்சம் குழம்போடு ஒரு துண்டு கோழி, ராத்திரி மேகி. கணக்குப் போட்டால் புரதம் 50 கிராம் தாண்டாது. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வேண்டும், உனக்கு 93 கிராம் வருகிறது. முட்டை ஒன்றில் 6 கிராம் இருக்கிறது. சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30 கிராம், கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) 100 கிராமில் 20 கிராம் போல. காலையில் நான்கு முட்டை, ராத்திரி இரண்டு மீன் என்று மாற்றினாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. முதல் வருடம் ஒழுங்காகச் செய்கிறவனுக்கு மாதம் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை தசை ஏறும், பின்னால் எந்த வருடத்திலும் இயற்கையாக அந்த வேகம் கிடைக்காது. அந்த வருடத்தைத்தான் நீ ஊசிக்குக் கொடுக்கப் பார்க்கிறாய்.

எஸ்.பி.எம். பரீட்சை எழுதப் போகிறேன், 17 வயது. நண்பன் மாத்திரை தருகிறேன் என்கிறான்.

வேண்டாம். உன் எலும்பின் நுனியில் வளரும் பகுதி இன்னும் முழுதாக மூடியிருக்காது. ஸ்டீராய்டு அதைச் சீக்கிரம் மூட வைத்துவிடும், அப்புறம் உயரம் அவ்வளவுதான். யார் அந்த நண்பன் என்று நேரில் வந்து சொல்.

தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறேன், வயது 24. சாயங்காலம் ஜிம்முக்கு வந்தால் கை தூக்க முடியவில்லை. ஊசி போட்டால் களைப்பே தெரியாதாமே?

களைப்பு தெரியாது என்பதில் பாதி உண்மை இருக்கிறது, பயமே அதுதான். தசை வாரக்கணக்கில் பலமாகிவிடும், ஆனால் அதை எலும்போடு கட்டும் தசைநாண் தேற மாதக்கணக்கு ஆகும். ஊசி போட்டவனுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிதாகிறது. நீயோ நாள் முழுக்க நீளக் கம்பில் அரிவாளை மாட்டிக்கொண்டு அண்ணாந்தே நிற்கிறவன், 20 கிலோ குலையைக் குத்தித் தூக்கி வண்டியில் போடுகிறவன். உன் தோளும் கழுத்தும் ஏற்கெனவே சம்பளம் வாங்காமல் ஓவர்டைம் செய்கின்றன.

இன்னொன்றையும் கேள். ஊசியால் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் ஏறினால் ரத்தத்தில் சிவப்பணு கூடி ரத்தம் கெட்டியாகும். வெயிலில் நீ வியர்த்துக் கொட்டும்போது நீரும் போய்விடுகிறது, கெட்டி ரத்தம் இன்னும் கெட்டியாகும். ஏசி போட்ட ஜிம்மில் இருக்கிறவனைவிட ரத்தம் கட்டும் ஆபத்து உனக்கு அதிகம்.

உனக்கு வாரம் இரண்டு நாள் போதும், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். ஸ்குவாட், ரோயிங், டிப்ஸ் செய். தோளுக்கு மேல் எதுவும் தூக்காதே, அதை மரம் பார்த்துக்கொள்கிறது. வேலைக்குப் போகும்போது உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர் இரண்டு பாட்டில் கொண்டு போ. ராத்திரி பத்தரைக்குப் படுத்துவிடு, செல்போனை வேறு அறையில் வை.

ஊசி போட்டால் பயிற்சியே இல்லாமல் உடம்பு ஏறும் என்று ஆராய்ச்சி இருக்கிறதாமே? அப்படியென்றால் நாங்கள் எதற்கு வியர்வை சிந்துகிறோம்?

இருக்கிறது, நான் மறைக்கவில்லை. 1996-ல் அமெரிக்காவில் 43 ஆண்களை வைத்துப் பத்து வாரம் செய்தார்கள். ஊசி மட்டும் போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை ஏறக்குறைய 3 கிலோ கூடியது, ஊசி இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 2 கிலோ, இரண்டும் செய்தவர்களுக்கு 6 கிலோ. மருந்து வேலை செய்யாது என்று யாராவது உனக்கு அட்வைஸ் செய்தால் நம்பாதே, வேலை செய்வதால்தான் இத்தனை பேர் போடுகிறார்கள்.

ஆனால் அதில் இருந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே எடை தூக்கிப் பழகியவர்கள், சாப்பாடு அளந்து கொடுக்கப்பட்டது, டாக்டர்கள் கூடவே இருந்தார்கள், பத்து வாரத்தில் நிறுத்தினார்கள். இங்கே நம் பையன்கள் டெலிகிராமில் ஆர்டர் செய்து, மூன்று வகையைக் கலந்து, மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். வருடக்கணக்கில் போட்டவர்களின் இதயத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள், 2017-ல் வந்தது, 140 பேர், எல்லோரும் எடை தூக்குகிறவர்கள். போட்டவர்களின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் இருக்கும் ரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு போடாதவர்களைவிடக் குறைவாக இருந்தது, இதயக் குழாயில் படிவும் அதிகம்.

மாஸ்டர், உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள் போட்டதே இல்லையா?

மாத்திரை சாப்பிட்டேன், 26 வயதில். ஒருவன் பிளாஸ்டிக் பையில் இளஞ்சிவப்பு மாத்திரை கொடுத்தான், பெட்டியும் இல்லை பேரும் இல்லை. பெஞ்சில் 85 கிலோ தூக்கிக்கொண்டிருந்தவன் ஏழாவது வாரம் 110-க்குப் போனேன். ஊரே என்னைப் பார்க்கிற மாதிரி ஒரு நினைப்பு. எட்டாவது வாரம் 115 போட்டு இறக்கும்போது இடது அக்குளுக்குப் பக்கத்தில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மறுநாள் அக்குளிலிருந்து முழங்கை வரை கத்தரிக்காய் நிறம். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், 160-க்கு 100. ஏறிய எடை ஐந்து மாதத்தில் போய்விட்டது, அதோடு எதிலும் ஆசையில்லாத ஒரு சோர்வு அரை வருடம் ஒட்டிக்கொண்டது. இடது நெஞ்சில் உள்ள பள்ளம் இன்னும் இருக்கிறது, சட்டை போட்டால் தெரியாது.

மகன் அறையில் பெரிய டப்பாவில் மாவு இருக்கிறது. ஸ்டீராய்டா? பயமாக இருக்கிறது. (ஓர் அம்மா)

அக்கா, டப்பாவில் வே புரோட்டீன் என்று இருந்தால் அது பாலிலிருந்து எடுத்த புரதம், கிரியேட்டின் என்றால் நாள் ஒன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை சாப்பிடுகிற சாதாரணத் தூள், சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்குப் பயமில்லை. ஊசி, கண்ணாடிக் குப்பி, பெட்டி இல்லாத மாத்திரை இருந்தால்தான் கவலை. முதுகில் திடீரென்று பருக்கள், முலைக்காம்பில் வலி, சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துவது, இவற்றையும் கவனியுங்கள். இங்கே பதிவான மருந்து என்றால் பெட்டியில் MAL என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் எண் இருக்கும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிற எடை கூட்டும் மாஜூனை (மூலிகை லேகியத்தை) வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அந்த மாதிரி சரக்கில் டெக்ஸாமெத்தசோன் கலந்து பலமுறை பிடிபட்டிருக்கிறது. அதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் வேறு குடும்பம், முகம் உப்பும், சர்க்கரை ஏறும், தசை கரையும்.

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம், காவடி எடுக்கிறேன். உடம்பு இறங்கிவிடுமே?

இறங்காது. தெம்பே (நொதிக்க வைத்த சோயா), தாவ்ஹு (டோஃபு), பருப்பு, தயிர், பால். தெம்பே 100 கிராமில் 19 கிராம் புரதம் இருக்கிறது, மீனுக்கு ரொம்பப் பின்னால் இல்லை. தூக்குகிற எடையைக் குறைக்காமல் செட்டை மட்டும் பாதியாக்கு. கடைசி வாரம் ஓய்வு. காவடி தூக்க கால் வேண்டும், உனக்கு அது கொஞ்சம் குறைவுதான், கோபித்துக்கொள்ளாதே.

மூன்று மாதமாக ஊசி போடுகிறேன். தை மாதம் கல்யாணம். நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமா?

உடனே டாக்டரைப் பார். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை விதைப்பைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும், சில பேருக்கு அறவே இருக்காது. நிறுத்தினால் பெரும்பாலானோருக்குத் திரும்ப வருகிறது, ஆனால் மாதக்கணக்காகும், சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும். இணையத்தில் பார்த்து நீயே வேறு மாத்திரை வாங்கிச் சரிசெய்யப் பார்க்காதே. அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). என்ன போட்டாய், எத்தனை நாள் போட்டாய் என்று எல்லாவற்றையும் சொல். ஈரல் பரிசோதனைக்கு முந்தின சில நாள் எடை தூக்காதே, கடினப் பயிற்சியே சில எண்களை ஏற்றிக் காட்டும். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் சொல்வது உன் பொறுப்பு.

எவ்வளவு காலம் இயற்கையாகச் செய்த பிறகு ஸ்டீராய்டு பற்றி யோசிக்கலாம்?

நான் அனுமதி கொடுக்கிற ஆள் இல்லை. ஆனால் கேட்கிறவனிடம் நான் திருப்பிக் கேட்பது இவை. மூன்று வருட நோட்டு இருக்கிறதா? உன் எடையில் ஒன்றரை மடங்கு ஸ்குவாட், உன் எடை அளவுக்கு பெஞ்ச், நிறுத்தாமல் பத்து புல் அப் வருகிறதா? 25 வயது ஆகிவிட்டதா? அப்பாவுக்குச் சர்க்கரையா, மாரடைப்பா? நம் ஆட்களிடம் இந்த இரண்டும் அதிகம், சின்ன வயதிலேயே வருகிறது, ஸ்டீராய்டு நல்ல கொழுப்பைக் கீழே தள்ளுகிறது. ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து வந்தாயா? இத்தனை வருடத்தில் எல்லாவற்றுக்கும் பதிலோடு வந்தவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் அதற்குள் கேள்வியையே மறந்துவிட்டார்கள், ஒருவன் போட்டான், இப்போதும் இங்கே வருகிறான், அவன் கதையை அவன்தான் சொல்ல வேண்டும்.

மாதக் கட்டணம் ஏறப் போகிறதா?

இல்லை. ஆனால் 1.25 கிலோ தட்டு இரண்டை யார் எடுத்துப் போனீர்களோ கொண்டுவந்து வையுங்கள். அது இல்லாமல் 40-க்கு அப்புறம் 45-க்குத்தான் தாவ வேண்டியிருக்கிறது, புதுப் பையன்கள் எல்லாம் அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.