எஸ்.ஐ. கணவர் எப்போது வீட்டுக்கு வருவார் என்றே தெரியாத வாழ்க்கையில் சண்டை சச்சரவு இல்லாமல் இருப்பது எப்படி?

கேட்டவர் கல்யாணமாகி ஓராண்டு ஆனவர்; கணவர் ஒரு தாலுகா போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. (சப்-இன்ஸ்பெக்டர்). ஏட்டு, இன்ஸ்பெக்டர் வீடுகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

போலீஸ் வீட்டுச் சண்டைகளில் பாதி, "எட்டு மணிக்கு வந்துடறேன்" என்ற ஒரு வாக்கில்தான் ஆரம்பிக்கும். அவர் பொய் சொல்லவில்லை. ஏழரைக்கு ஒரு கைது நடந்தால் கதையே மாறிவிடும். வாக்குமூலம், அரசு மருத்துவமனையில் பரிசோதனை, மாஜிஸ்திரேட் முன்னால் ஆஜர், ரிமாண்ட் (நீதிமன்றக் காவல்) ஆனதும் சிறையில் ஒப்படைப்பு என்று வரிசையாக வேலை இருக்கும். ஆஜர்படுத்த 24 மணி நேரம்தான் கெடு என்பதால் வேலையை அதிகம் தள்ளிப்போட முடியாது. அதனால் அவர் மணி சொல்வதை நிறுத்திவிட்டு வேலையைச் சொல்லட்டும். "ரிமாண்ட் இருக்கு" என்றால் நீங்கள் சாப்பிட்டுப் படுத்துவிடலாம். "பெட்டிஷன் என்கொயரி" (புகார் மனு விசாரணை) என்றால் காத்திருக்கலாம். "நைட் ரவுண்ட்ஸ்" என்றால் விடிந்துதான் வருவார். இரண்டே சொல்லில் வாட்ஸ்அப் மெசேஜ் போதும். "ஏன் லேட்டு?" என்ற கேள்விக்கே வேலை இருக்காது.

இந்த வேலையில் முன்கூட்டியே தெரிந்த நாட்களும் நிறைய உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. விநாயகர் ஊர்வலம், செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி, திருச்செந்தூர் சூரசம்ஹாரம், திருவண்ணாமலை தீபம், டிசம்பர் 31 இரவு. இதற்கெல்லாம் வெளி மாவட்டத்திலிருந்தும் பந்தோபஸ்துக்கு ஆள் எடுப்பார்கள். ஜனவரியில் காலண்டர் வந்ததுமே இந்த நாட்களைச் சிவப்பில் வட்டமிட்டுவிடுங்கள். காதுகுத்து, கிரகப்பிரவேசம், டூர் எதையும் அந்த வாரங்களில் வைக்காதீர்கள். பந்தோபஸ்து போனால் ஏதாவது ஒரு மண்டபத்தில் தங்கல். போனுக்கு சார்ஜ் போடுவதே பெரும்பாடு. இரவு ஒரு முறை பேசுவது என்று முடிவு செய்துகொண்டால், இடையில் போன் எடுக்கவில்லை என்று மனம் அடித்துக்கொள்ளாது. தீபாவளியை இரண்டு நாள் தள்ளிக் கொண்டாடினால் குறைந்துபோக மாட்டோம். ஆனால் மாமியார் வீட்டில் இதைச் சொல்லும் பொறுப்பு கணவருடையது. மருமகள் தலையில் கட்டக் கூடாது.

இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் (ஏட்டு) வரை வார ஓய்வு தர 2021 நவம்பரில் அரசாணை வந்தது. பிறந்தநாள், திருமண நாளுக்கு விடுப்பு தரச் சொல்லி அதே ஆண்டு டி.ஜி.பி. சைலேந்திர பாபு சுற்றறிக்கை அனுப்பினார். நடைமுறையில் ஸ்டேஷனில் ஆள் இருந்தால்தான் கிடைக்கும். எனவே கல்யாண நாள் விடுப்பை முந்தின நாள் மாலை வாய்வார்த்தையாகக் கேட்காமல், இரண்டு வாரம் முன்பே எழுதிக் கொடுப்பது நல்லது. டியூட்டி போடும் ரைட்டரிடமும் நினைவூட்ட வேண்டும்.

நைட் முடிந்து காலையில் வருபவரிடம் கரண்ட் பில், ஸ்கூல் பீஸ், மாமனார் பிரச்சினை எதையும் எடுக்காதீர்கள். முதலில் நான்கைந்து மணி நேரம் தடையில்லாத் தூக்கம். அவர் போனை அணைக்க முடியாது. அதை நீங்கள் வாங்கி ஹாலில் வைத்துக்கொண்டு, ஸ்டேஷன், இன்ஸ்பெக்டர், கன்ட்ரோல் ரூம் அழைப்புக்கு மட்டும் எழுப்புங்கள். மற்றவர்கள் மாலையில் பேசிக்கொள்ளட்டும்.

அவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "எங்க போன? யாரோட போன? போன் ஏன் எடுக்கல?" என்று மூன்று கேள்வியை மூச்சுவிடாமல் அடுக்குவது விசாரணை. ஸ்டேஷனில் பதில் வரும். வீட்டில் கதவு சாத்தும் சத்தம்தான் வரும். யூனிஃபார்மைக் கழற்றி, குளித்த பிறகுதான் வீட்டு விஷயம் என்று வைத்துக்கொள்ளும் தம்பதிகளுக்கு இது ஓரளவு அடங்குகிறது.

வழக்கின் விவரத்தை வீட்டில் சொல்லக் கூடாதுதான். ஆனால் எதுவுமே சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், மனைவி தன் மேல்தான் கோபம் என்று நினைப்பார். "இன்னைக்கு ஒரு குழந்தை கேஸ். கொஞ்ச நேரம் விடு" என்றால் போதும். அந்தக் கொஞ்ச நேரம் வாரக்கணக்கில் நீண்டாலோ, தூக்கத்துக்காகக் குடி ஆரம்பித்தாலோ தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் துணையோடு தமிழகக் காவல்துறை நடத்தும் 'நிறைவாழ்வு' என்ற மனநலப் பயிற்சி குடும்பத்தினரையும் மனதில் வைத்ததுதான். அதில் சேர்ந்தால் பெயர் கெடும் என்பது வெட்டிப் பயம்.

இடமாறுதலைப் பற்றி இப்போதே பேசி வையுங்கள். தேர்தல் வந்தால், சொந்த மாவட்டத்தில் இருக்கும் எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர்களையும், நான்கு ஆண்டில் மூன்றை ஒரே மாவட்டத்தில் கழித்தவர்களையும் மாற்றச் சொல்வது தேர்தல் ஆணையத்தின் வழக்கம். ஆர்டர் கைக்கு வந்தபின் "நீ இங்கேயே இரு, நான் போறேன்" என்று ஆரம்பித்தால் அது முடிவாக இருக்காது, சண்டையாக இருக்கும். குழந்தை பள்ளியில் சேரும்வரை கூடவே போவது, சேர்ந்தபின் குடும்பம் ஓரிடத்தில் நிற்பது என்பதுதான் பெரும்பாலும் ஒத்துவருகிறது.

மனைவியும் காவலர் என்றால் இன்னொன்று. மகப்பேறு விடுப்பு முடித்துத் திரும்பும் பெண் காவலர்களுக்கு, பெற்றோர் அல்லது கணவர் வீட்டார் இருக்கும் மாவட்டத்தில் மூன்றாண்டு பணி வழங்கப்படும் என்று 2024 ஆகஸ்டில் முதல்வர் அறிவித்தார். விடுப்பு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே மனு கொடுத்துவிட்டு, குழந்தையைப் பகலில் யார் பார்ப்பது என்று அந்த வீட்டாரிடமும் பேசிவிடுங்கள்.