பொறுப்புக்கு வந்தபின் வேலை வெறுமையாகத் தெரிகிறதா?

கேள்வி: பதவி உயர்வு கிடைத்து ஒரு குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். நாள் முழுக்க மீட்டிங்கும் ரிப்போர்ட்டும்தான். தலைமைப் பொறுப்பில் ஓர் அர்த்தத்தை எப்படிக் கண்டுகொள்வது?

கொழும்பு கோட்டையில் இறக்குமதிச் சரக்குகளை கிளியர் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஆவணப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முன்பு நீங்களே செய்த வேலை மாலையில் கண்முன்னே முடிந்திருக்கும். இப்போது அதை மற்றவர்கள் செய்கிறார்கள், உங்களிடம் வருவது அதன் தாமதமும் முறைப்பாடும்தான். வெறுமையாகத் தெரியாமல் என்ன செய்யும்? மேசையில் இருந்தபடி யோசித்து இது தீராது. வேலை எங்கே போய் முடிகிறதோ அங்கே போய்ப் பார்க்க வேண்டும், உங்கள் ஆட்களையும் பார்க்க வைக்க வேண்டும். ஒரு தலைவர் செய்யக்கூடிய மிக முக்கியமான வேலை இதுதான் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் பிள்ளைகள் காலையிலிருந்து இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் பார்த்து, சுங்கத்தின் அசிகுடா கணினியில் பிரகடனங்களைப் பதிகிறார்கள். எடை, பெறுமதி, பொருளின் வகையைக் காட்டும் எச்எஸ் கோட். பெட்டிக்குள் இருக்கும் பொருளை அவர்கள் கண்டதே இல்லை. 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது, எங்களிடம் இன்சுலின் கொண்டுவரும் இறக்குமதியாளர் ஒருவரை அலுவலகத்துக்கு வந்து பேசச் சொன்னேன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெட்டி ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தால் என்ன ஆகும், அது எந்தெந்த ஊர் மருந்துக் கடைகளுக்குப் போகிறது, அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்று அவர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு, பதிவு செய்யும் தங்கச்சி ஒருவர் மருந்துக் கோப்புகளைத் தானாகவே மேலே எடுத்து வைக்கத் தொடங்கினார். மாலையில், சரக்கை வெளியே எடுத்துவரும் வார்ஃப் கிளார்க்குக்கு அழைத்து, "அண்ணா, அந்தப் பெட்டி வெளியே வந்ததா?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அப்படிச் செய்யச் சொல்லி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆய்விலும் இதைக் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் நன்கொடை திரட்டும் ஊழியர்களை உளவியலாளர் ஆடம் கிராண்டும் சக ஆய்வாளர்களும் கவனித்து 2007இல் எழுதினார்கள். அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் நேரில் சந்தித்தவர்கள், ஒரு மாதம் கழித்து இரண்டு மடங்குக்கும் மேல் நேரம் பேசி, இரண்டு மடங்குக்கும் மேல் பணம் திரட்டினார்கள். மாணவர் எழுதிய கடிதத்தை மட்டும் வாசித்தவர்களிடம் அப்படி மாற்றம் வரவில்லை. சுவரில் நோக்க வாசகம் ஒட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சம்பளத்துக்குப் பதிலாக அர்த்தத்தைக் கொடுக்க முடியாது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். அந்த நேரத்தில் "உங்கள் வேலை நாட்டுக்குச் சேவை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அநியாயம். பஸ் காசு கூடியிருக்கிறது, சம்பளத்தைக் கூட்டுங்கள் என்று மேலே போய் வாதாடுவதும் உங்கள் பொறுப்புதான். எனக்கு இந்தப் பதவியில் உண்மையான பிடிப்பு வந்தது அப்படி வாதாடத் தொடங்கிய பிறகுதான்.

சரி, எங்களுக்கு இன்சுலின் இல்லையே, வெறும் ரிப்போர்ட்தானே என்பீர்கள். அந்த ரிப்போர்ட்டை யார் திறக்கிறார்கள் என்று தேடிப் போங்கள். அவரிடம் பத்து நிமிடம் பேசி, அதைப் பார்த்து அவர் என்ன முடிவு எடுக்கிறார் என்று கேளுங்கள். அடுத்த முறை அதைத் தயாரிப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். யாருமே திறப்பதில்லை என்று தெரிந்தால், அதை நிறுத்தச் சொல்லி மேலதிகாரியிடம் கேளுங்கள்.