அப்பார்ட்மென்ட் பொங்கல் விழாவில் ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குப் பொன்னாடை போர்த்தலாமா?

போர்த்த வேண்டாம். உங்கள் குடியிருப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு பையனும் டவுன் சின்ட்ரோம் உள்ள ஒரு பெண்ணும் இருப்பதாகவும், பொங்கல் விழாவில் அவர்களை மேடையேற்றிக் கௌரவிக்க நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விழாக் கமிட்டியில் இருப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். "கௌரவிப்பதில் என்ன தப்பு?" என்று சிலர் சண்டைக்கு வரக்கூடும். மற்ற பிள்ளைகளுக்குச் சும்மா யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை. இவர்களுக்கும் விழாவில் ஒரு வேலை கொடுங்கள்.

அந்த வேலைக்குத் தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். "பந்தியைப் பார்த்துக்கோப்பா" என்றால் நடக்காது. நாற்காலிக்கு ஓர் இலை, நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் என்று ஒரு வரிசையைப் போட்டுக் காட்டிவிட்டு, அடுத்த வரிசையை அவர் கையில் விடுங்கள். சொன்ன உடனே பதில் வராவிட்டால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அதற்குள் வார்த்தையை மாற்றி மறுபடி சொன்னால், அவர் முதலிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். இருபது வயதுக்காரரின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சவும் கூடாது.

பெரும்பாலும் விழா கெடுவது சத்தத்தால்தான். மைக் வீல் என்று அலறுவது ஆட்டிசம் உள்ள பலருக்கு வலியாகவே இருக்கும். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோவதால்தான் அப்படி அலறுகிறது. ஸ்பீக்கர் பெட்டிகளை மேடைக்கு முன்னால் வைத்து, பேசுகிறவரைப் பின்னால் நிறுத்துங்கள். மேளமோ வெடியோ உண்டென்றால் எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள். கூட்டத்திலிருந்து தள்ளி ஓர் அறையில் மங்கலான விளக்கு, ஃபேன், பாய், தண்ணீர் இருக்கட்டும். அவர் அங்கே போனால் "என்னாச்சு, என்னாச்சு" என்று பின்னாலேயே பத்துப் பேர் போகாதீர்கள்.

கோலம், பானை, விளையாட்டு, சாப்பாடு என்ற வரிசையைப் போன வருடப் போட்டோக்களை வைத்தே ஒரு தாளில் ஒட்டி, ஒரு வாரம் முன்பே கொடுங்கள். முடிந்ததைப் பேனாவால் அடித்துக்கொண்டே வரலாம். வரிசை மாறினால் முதலில் அவருக்குச் சொல்லுங்கள்.

விளையாட்டில் மியூசிக்கல் சேரை விட்டுவிடுங்கள். திடீரென்று பாட்டு நிற்பது, இடித்துத் தள்ளுவது, அவுட் ஆகி வெளியே நிற்பது, மூன்றுமே தொல்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகளில் போச்சே என்றொரு ஆட்டம் உண்டு. சின்னப் பந்து ஒன்றை உருட்டிவிட்டு, அதற்கு யார் பந்து நெருக்கமாகப் போய் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அந்தக் குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் ஆடும் யூனிஃபைடு முறையும் அங்கே இருக்கிறது. ஒரு கோலிக்குண்டும் எட்டு டென்னிஸ் பந்தும் இருந்தால் உங்கள் கார் பார்க்கிங்கிலேயே ஆடலாம். டவுன் சின்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்து எலும்பு மூட்டு தளர்வாக இருக்கும் என்பதால் குட்டிக்கரணம், ஆள்மேல் ஆள் ஏறும் பிரமிடு எல்லாம் வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் போனால், "கூட உட்கார ஓர் ஆளை உங்கள் செலவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கும் பள்ளிகள் உண்டு. அரசு அங்கீகரித்த பள்ளிகள் பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், தேவையான உதவியும் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் வந்த பிறகும் பெற்றோரைக் கெஞ்சவிடுவது அநியாயம்.

இவர்களில் சிலருக்கு வலிப்பும் இருக்கும் என்பதால் கமிட்டியில் இரண்டு பேருக்காவது முதலுதவி தெரிந்திருக்கட்டும். கையில் சாவியோ இரும்போ திணிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளிவதற்குள் மறுபடி வந்தாலோ 108.