கடிதம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

தம்பி, இங்கிலாந்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, ஏழு வயது மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனம் செலுத்தவும் ஓரிடத்தில் இருக்கவும் சிரமப்படும் நிலை) இருக்கலாம் என்று வகுப்பாசிரியை சொல்லிவிட்டார், மாத்திரை கொடுக்கலாமா, எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது, பழைய கார் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு, கார் பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். பையன் விஷயத்தை நான் சொல்கிறேன். 2015இல் ஆறு வயது மகனோடு வந்திறங்கி, இதே கவலையில் தூக்கம் கெட்டவள் நான்.

ஜி.பி.யை, அதாவது குடும்ப டாக்டரைப் பார்த்து, என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவையில் பரிசோதனைக்கான வரிசையில் பெயரை ஏற்றிவிடுங்கள். பல இடங்களில் அந்த வரிசை வருடக்கணக்கில் நீளும். ஏ.டி.எச்.டி.தான் என்று டாக்டர் கடிதம் வந்த பிறகு பள்ளியில் பேசிக்கொள்ளலாம் என்று நான் ஒன்றரை வருடத்தை வீணாக்கினேன். பள்ளி உதவி செய்ய அந்தக் கடிதம் தேவையே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் சென்கோ என்று ஓர் ஆசிரியர் இருப்பார். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் அவர் பொறுப்பு. நாளைக்கே அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். வாசலில் நின்று பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். "நாங்கள் கவனித்துக்கொள்கிறோம்" என்று சிரித்த முகத்தோடு சொல்வார்கள், நாமும் நம்பி வந்துவிடுவோம். எழுத்தில் இருந்தால்தான் பிறகு கேட்க முடியும்.

ஒருநாள் வகுப்புக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கோட்டைக் கழற்று, பையை மாட்டு, புத்தகத்தை எடு, வந்து உட்கார் என்று ஆசிரியை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மற்ற பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. இவன் மட்டும் ஒரு கையைக் கோட்டுக்குள்ளேயே விட்டபடி, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். சென்கோ வந்த பிறகு செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. முன் வரிசையில் இடம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை, மேசையில் மூன்று படம் ஒட்டிய அட்டை. ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது.

அதுவும் போதவில்லை என்றால் இ.எச்.சி. திட்டத்துக்கு, அதாவது பிள்ளைக்கு வேண்டிய கல்வி, உடல்நல, பராமரிப்பு உதவிகளைச் சட்டப்படி எழுதித் தரும் திட்டத்துக்கு, பெற்றோரே உள்ளாட்சி கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பீடு செய்வார்களா இல்லையா என்று ஆறு வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு உண்டு, பயப்படாதீர்கள்.

அவசரப்பட்டுத் தனியாரிடம் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். நாங்கள் கட்டினோம். அந்த அறிக்கையை வைத்து மருந்து எழுத எங்கள் ஜி.பி. மறுத்துவிட்டார். நிபுணர் ஆரம்பித்த மருந்தை ஜி.பி. தொடர்ந்து எழுதித் தரும் ஏற்பாட்டுக்கு ஷேர்டு கேர் என்று பெயர், அதற்கு உங்கள் ஜி.பி. ஒப்புக்கொள்வாரா என்று முதலில் கேளுங்கள். என்.எச்.எஸ். செலவிலேயே வேறு மையத்தை நாமே தேர்ந்தெடுக்கும் ரைட் டு சூஸ் வழியாக அனுப்ப முடியுமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

மாத்திரை டாக்டரும் நீங்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. பெற்றோருக்கான பயிற்சி, பள்ளியில் மாற்றங்கள் இவற்றைச் செய்தும் சிரமம் தொடர்ந்தால்தான் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மருந்தைப் பற்றிப் பேசுவார்கள். பெரும்பாலும் முதலில் மெத்தில்ஃபெனிடேட். ஆரம்பிக்கும் முன் உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள், பிறகும் தொடர்ந்து பார்ப்பார்கள். பசி குறையலாம், அதனால் நான் காலையில் வயிறு நிறையச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் மாத்திரை கொடுப்பேன். மருந்து குழந்தையை மந்தமாக்கிவிடும் என்று நானும் பயந்தேன். என் மகன் அதே மகனாகத்தான் இருந்தான், ஆரம்பித்த வாக்கியத்தை முடித்தான், அவ்வளவுதான்.

நம் ஆட்கள் பேச்சைக் கேட்காதீர்கள். இருபது வருடம் இங்கே இருந்தவர்களே "இரண்டு அடி போட்டால் சரியாகும்" என்பார்கள். தன் பிள்ளைக்கு இருப்பதை ஒளித்துவைத்துக்கொண்டு என்னிடம் அப்படிச் சொன்னவர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று ஓர் ஆசிரியை சொன்னதையும் நான் கேட்கவில்லை. இரண்டு மொழி பேசுவதால் ஏ.டி.எச்.டி. வருவதுமில்லை, கூடுவதுமில்லை.

அந்த முதல் குளிர்காலத்தில் பத்து நிமிடம் நடக்க வேண்டிய பள்ளிக்கு அரை மணி நேரம் ஆகும். கதவு எண்களைத் தமிழில் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவான். தாமதம் தாமதம் என்று நான் கையைப் பிடித்து இழுப்பேன். ஒருநாள் நின்றுவிட்டான். "அம்மா, இந்தப் பக்கம் ஏன் ஒற்றைப்படை மட்டும் இருக்கு?" அத்தனை மாதம் அந்தத் தெருவில் நடந்தும் நான் அதைக் கவனித்ததே இல்லை.