காலணாவுக்குப் புளி வேண்டாம்

தாத்தா பெட்டியில் கிடைத்த 1835 காலணாவைப் புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாங்க. அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை, காற்று பட்டுப் பட்டு வருஷக்கணக்கில் செம்பின் மேல் உருவான படலம், உள்ளே இருக்கும் உலோகத்துக்கு அதுதான் காவல், புளியின் அமிலம் அதைக் கரைத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு வெளிறிய ரோஸ் நிறம், சேகரிப்பவர்கள் பார்த்ததுமே விலையைக் குறைத்துவிடுவார்கள். மண் ஒட்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவிட்டு, தேய்க்காமல் பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், போதும்.

ஆனால் விளிம்பில் பச்சையாக இருக்கிறது என்றீர்களே, தொட்டால் பிசுபிசுக்கிறதா? அப்படியென்றால் அது பெரும்பாலும் நாணயத்தைப் போட்டுவைத்த பிவிசி என்ற மெத்தென்ற பிளாஸ்டிக் உறையின் வேலை. முதலில் அந்த உறையைத் தூக்கிப் போடுங்கள். சுத்தமான அசிட்டோன் என்ற கரைப்பானில் முக்கி எடுத்தால் அந்தப் பிசுக்கு போய்விடும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புப் பக்கம் போகாமல் செய்யுங்கள். அப்புறம் மைலார் என்ற, பிவிசி இல்லாத பிளாஸ்டிக் உறை வாங்கிப் போட்டு வையுங்கள்.