பூட்டலாமா, விடலாமா? (மோட்டார் சைக்கிள் கேள்வி பதில்)

இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விசயத்தைத்தான் கேட்கின்றன. பெயர் பெற்ற கம்பனிச் சாமான் வாங்கக் கட்டாது; அதே தோற்றத்தில் மலிவாகக் கிடைப்பதைப் பூட்டலாமா? ஆரையம்பதியில் என் கராஜுக்கு வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொரு சாமானுக்கும் பதில் வேறு. அதனால் கடிதத்தோடு கடிதமாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியை, கல்லடி: படுவான்கரையில் உள்ள பாடசாலைக்கு மண்முனைப் பாலத்தால் ஸ்கூட்டரில் போய்வருகிறேன். கொப்பிகள், மழைக்கோட்டு வைக்கப் பின்னால் ஒரு பெட்டி பூட்ட வேண்டும். கிவி பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தேன். அதே அளவில் மலிவான பெட்டி இருக்கிறது. தண்ணீர் போகும், கழன்று விழும் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார்.

ரீச்சர், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. தண்ணீர் போகும். கழன்று விழுந்தால் பெட்டியைக் குறை சொல்ல முடியாது, பூட்டினவரைத்தான் கேட்க வேண்டும்.

கிவி இத்தாலிக் கம்பனி. அவர்கள் வாங்கும் காசு வெயிலில் வெடிக்காத பிளாஸ்டிக்குக்கும், ஆடாமல் கடிக்கும் அடித்தகட்டுக்கும், சில வருசம் கழித்துத் திறப்பு தொலைந்தாலும் வேறு வாங்கலாம் என்ற வசதிக்கும் போகிறது. ஆனால் அவர்களுடைய சிறிய வகைப் பெட்டிகளுக்கே 3 கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். நாற்பது பிள்ளைகளின் கொப்பிக் கட்டு அந்த 3 கிலோவைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதனால் எந்தப் பெட்டி வாங்கினாலும் கொப்பிக் கட்டு கால் வைக்கும் தட்டுக்குப் போகட்டும்; மழைக்கோட்டும் சாப்பாடும் பெட்டிக்குள் இருக்கட்டும். பின் சக்கரத்துக்கும் பின்னால் பாரம் தொங்கினால் முன்பக்கம் இலேசாகி ஹேண்டில் ஆட்டம் காட்டும். பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது அதை நன்றாக உணர்வீர்கள்.

மலிவுப் பெட்டியை வாங்குங்கள், அதோடு தரும் போல்ட் பையை அப்படியே குப்பையில் போடுங்கள். அந்த இரும்பு கல்லடிக் காற்றில் ஒரு மாரியைத் தாங்காது. 6 மில்லிமீற்றர் ஸ்ரெயின்லெஸ் போல்ட் நான்கு, உள்ளே நைலோன் வளையம் உள்ள நட்டு நான்கு, அகலமான வோஷர் எட்டு வாங்குங்கள். தகட்டுக்கும் கெரியருக்கும் நடுவில் பழைய டியூப் ரப்பரை வெட்டி வையுங்கள். கெரியர் சேசிஸில் பிடித்திருக்க வேண்டும். பின்பக்கப் பிளாஸ்டிக்கில் துளை போட்டுப் பூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பூட்டி ஒரு வாரம் ஓடியதும் மறுபடி ஒரு இறுக்கு.

தண்ணீருக்கு ஒரு வேலை செய்யுங்கள். பெட்டிக்குள் காய்ந்த பத்திரிகைத் தாளை விரித்து மூடி, மேலே ஒரு வாளி தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். திறந்து பார்த்தால் தாள் எந்த இடத்தில் நனைந்திருக்கிறதோ அங்கேதான் ரப்பர் சரியாக உட்காரவில்லை. கூடுதலாக இது பிணைச்சலுக்குப் பக்கத்தில், ரப்பரின் இரண்டு நுனியும் சந்திக்கும் இடத்தில் இருக்கும். கதவுக்கு ஒட்டும் பசை ரப்பர் நாடா ஹாட்வெயார் கடைகளில் இருக்கிறது. பழையதைப் பிய்த்துவிட்டு அதை ஒரே துண்டாகச் சுற்றி, நுனிகள் முன்பக்கம் சந்திக்கிற மாதிரி ஒட்டுங்கள். அப்படியிருந்தும் மார்கழி மழைக்குக் கொப்பிகளைப் பொலித்தீன் பையில் போடுவதுதான் நிம்மதி.

விவசாயி, கரடியனாறு: இரவில் புல்லுமலைப் பக்கமிருந்து வருகிறேன். யானைப் பயம். "120 வாட்" என்று எழுதிய எல்இடி லைட் சோடி ஒன்று மலிவாகக் கிடைத்தது. பூட்டினால் பற்றறி போய்விடுமா?

அண்ணன், அந்த 120ஐ முதலில் மறந்துவிடுங்கள். 12 வோல்டில் 120 வாட் எரிய வேண்டுமென்றால் 10 அம்பியர் ஓட வேண்டும். லைட்டோடு வரும் அந்த மெல்லிய வயரில் அவ்வளவு ஓடினால் லைட்டுக்கு முதல் வயர் எரிந்துவிடும். நான் அளந்து பார்த்தவை பெட்டியில் எழுதியதில் கால்வாசிகூட இழுப்பதில்லை. பொய் எழுத்துத்தான், ஆனால் உங்கள் பற்றறிக்கு அது நல்லது. உண்மையான 120 வாட்டை சின்ன பைக்கின் மெக்னெற் (எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் பகுதி) தூக்காது.

பூட்டிய பிறகு சோதிப்பது இப்படி. எஞ்சினை ஓடும் வேகத்துக்குக் கொஞ்சம் உயர்த்தி, ஹெட்லைட், பிரேக் லைட், புது லைட் எல்லாவற்றையும் எரியவிட்டுப் பற்றறியின் இரண்டு முனைக்கும் மீற்றரை வையுங்கள். 13 வோல்டுக்கு மேல் நின்றால் பயமில்லை. 12.5க்கு இறங்கினால் பற்றறிச் சேமிப்பில் கைவைக்கிறது. ஒரு லைட்டைக் கழற்றுங்கள். பழைய சின்ன பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பற்றறியிலிருந்து வராது, மெக்னெற்றின் கம்பிச் சுருளிலிருந்து (coil) நேராக வரும். எஞ்சின் வேகத்தோடு வெளிச்சம் கூடிக் குறைந்தால் அந்த வகைதான். அந்த வயரில் எல்இடியைக் கொழுவினால் துடிக்கும், சீக்கிரம் சாகும்.

லைட்டில் மிச்சம் பிடித்த காசை இனி வயரிங்கில் போடுங்கள். ஒரு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சாமான்), ஒரு பியூஸ், ஒரு சுவிட்ச். ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். பற்றறியின் பொசிற்றிவிலிருந்து பியூஸ் வழியாக 30க்கு; 87இலிருந்து லைட்டுக்கு; 85 எர்த்; சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயர் ஒன்று சுவிட்ச் வழியாக 86க்கு. இரண்டு லைட்டும் சேர்ந்து 40 வாட் என்றாலும் மூன்றரை அம்பியருக்குள்தான், 5 அம்பியர் பியூஸ் போதும். பியூஸ் பற்றறிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். லைட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவில் வயர் உரசி சேசிஸில் பட்டுவிட்டால் அந்தப் பியூஸால் ஒரு உதவியும் இல்லை. ஹெட்லைட் வயரை வெட்டி அதிலேயே முறுக்கி ரேப் சுற்றும் வேலைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

யானைக்காக என்றால் இரண்டையும் நேராகத் தூரத்துக்குத் திருப்ப வேண்டாம். செங்கலடி பதுளை வீதியில் அது நடு ரோட்டில் காத்துக்கொண்டு நிற்பதைவிட, ஓரத்துப் பற்றைக்குள்ளிருந்து வெளியே வருவதுதான் கூட. அகலமாகப் பரவும் வகை லைட்டாக எடுத்து, ஒன்றை இடப்பக்க ஓரத்தைப் பார்க்க வையுங்கள். எதிரே வாகனம் வந்தால் சுவிட்சை அமர்த்துங்கள். மின்னி மின்னி எரியும் வகையையும், சிவப்பு நீலம் எரிவதையும் வாங்கவே வேண்டாம். பொலிஸார் பார்த்தால் அந்த இடத்திலேயே கழற்றச் சொல்வார்கள். வேகத்தைக் குறைக்காவிட்டால் எந்த லைட்டும் காப்பாற்றாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாப்பாடு டெலிவரி செய்பவர், கல்முனை: பைக் ஹேண்டிலில் மலிவு ஹோல்டரில் போன் வைத்து ஓடினேன். இப்போது கமரா படம் ஆடுகிறது. விலை கூடின ஹோல்டர் வாங்கினால் சரியாகுமா?

பழுதான கமரா சரியாகாது தம்பி. கை நடுக்கத்தைச் சமாளிக்க நல்ல போன்களின் கமராவில் லென்ஸ் அசையும்படி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் அதிர்வு நேராக அதில் ஏறினால் அது நாளடைவில் கெடும். பெரிய எஞ்சின் பைக்கில் ஐபோனைப் பூட்ட வேண்டாம் என்றும், சின்ன ஸ்கூட்டர் என்றாலும் அதிர்வைக் குறைக்கும் தாங்கியில் வைக்கும்படியும் ஆப்பிள் கம்பனியே 2021இல் அறிவித்தது. விலை கூடின ஹோல்டர்களுக்கு அந்த அதிர்வு தாங்கி இருக்கிறது, பலவற்றில் அதைத் தனியாக வேறு வாங்க வேண்டும். உங்களுக்கு என் யோசனை: மலிவு ஹோல்டரையே வைத்திருங்கள், அதில் ஒரு பழைய, விலை குறைந்த போனை வழி பார்க்க மட்டும் வையுங்கள். நல்ல போன் சட்டைப் பையில் இருக்கட்டும்.

வாசகர், ஏறாவூர்: பைக் விழுந்தால் எஞ்சினில் அடிபடாமல் காக்கும் கிராஷ் கார்ட்டைக் கம்பனியில் வாங்குவதா, வெல்டிங் கடையில் ஸ்ரெயின்லெஸ் பைப்பில் செய்விப்பதா? காந்தம் ஒட்டாவிட்டால் கறள் பிடிக்காத நல்ல சாதி என்கிறார்களே?

காந்தம் ஒட்டாவிட்டால் அது சாதாரண இரும்பு இல்லை என்று மட்டும்தான் தெரியும். 304 என்ற நல்ல வகையிலும் ஒட்டாது, 202 என்ற மலிவு வகையிலும் ஒட்டாது. 202இல் நிக்கல் குறைவு. கடற்காற்றில் வெல்டிங் ஓரத்திலிருந்து மண்ணிறம் இறங்கும். கடைக்காரரிடம் 304 என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில். காசு போதாவிட்டால் சாதாரண இரும்பில் செய்து நல்ல பெயின்ட் அடிப்பது மோசமில்லை, கறளைக் கண்ணால் கண்டு சுரண்டலாம். எதில் செய்தாலும் பைப்பின் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு துளை போடச் சொல்லுங்கள், உள்ளே தேங்கும் தண்ணீர் வடியட்டும்.

கனமான தண்ணீர்க் குழாயில் யானைப் பலத்துக்குச் செய்விக்கும் ஆசைதான் ஆபத்து. விழும்போது கார்ட் வளைய வேண்டும். அது வளையாவிட்டால் அடி முழுவதும் எஞ்சினைத் தாங்கும் காதுகளுக்குப் போகும், அலுமினியக் காது உடைந்தால் செலவு வேறு கணக்கு. எஞ்சின் போல்ட்டைக் கழற்றி நீளமானது போடுவதென்றால் தலையில் 8.8 அல்லது அதற்கு மேல் எண் (போல்ட்டின் பலத்தைச் சொல்வது) பொறித்ததைப் போடுங்கள். இன்னொன்று: பைக்கில் பூட்டியபடியே வெல்டிங் வைக்க விடாதீர்கள். அளவு பார்த்துப் புள்ளி வைக்கத்தான் வேண்டும் என்றால் பற்றறியின் இரண்டு வயரையும் கழற்றிய பிறகு.

மாணவர், அட்டாளைச்சேனை: மடியும் வகை கலர் லீவர் சோடி மலிவாக வாங்கிப் பூட்டினேன். கொஞ்ச நேரம் ஓடினால் முன் சக்கரம் இழுக்கிறது.

பிரேக் லீவரை இன்றைக்கே கழற்றிப் பழையதைப் பூட்டுங்கள், மிச்சத்தை ஆறுதலாக வாசிக்கலாம்.

லீவரின் மூக்கு, ஹேண்டிலில் பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. லீவரை விட்டதும் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்து, எண்ணெய் மேல் கிண்ணத்துக்குத் திரும்பிப் போகும் ஒரு சிறிய துவாரத்தைத் திறக்க வேண்டும். பார்த்துச் செய்த மலிவு லீவரில் மூக்கு அரை மில்லிமீற்றர் நீண்டிருந்தாலும் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, துவாரம் மூடியே இருக்கும். ஓட ஓட எண்ணெய் சூடாகி விரியும், போக வழியில்லாமல் பிரேக் பேடைத் (pad) தள்ளும், பிரேக் தானாகப் பிடிக்கும். அதனால் இன்னும் சூடு. கடைசியில் சக்கரம் இறுகிக்கூட நிற்கலாம்.

சோதிக்க விருப்பமென்றால் ராங்கைத் துணியால் மூடிவிட்டு (பிரேக் எண்ணெய் பெயின்டைத் தின்னும்) மேல் கிண்ணத்தின் மூடியைத் திறந்து லீவரை மெல்லத் தொடுங்கள். நல்ல லீவர் என்றால் தொட்டவுடன் எண்ணெயில் ஒரு சிறு குமிழ் கிளம்பும். ஒன்றும் கிளம்பாவிட்டால் அந்தத் துவாரம் மூடியிருக்கிறது. மூக்கை அரத்தால் தேய்த்துச் சரிப்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். பிரேக்கில் அந்த விளையாட்டு வேண்டாம். கேபிளில் ஓடும் கிளச் லீவரைக் கலராக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் கலராக இருப்பதைப் பார்த்துக் கூட்டாளிமார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வாசகி, காரைதீவு: மகனுக்குப் பிரபல கம்பனிப் பெயர் ஒட்டிய தலைக்கவசம் மிக மலிவாகக் கிடைத்தது.

பெயரைப் பார்க்காதீர்கள் அக்கா. இலங்கைத் தரமான எஸ்எல்எஸ் 517, அல்லது ஐரோப்பாவின் ஈசிஈ 22.06, இந்தியாவின் ஐஎஸ் 4151 போன்றவற்றின் முத்திரை இருக்கிறதா பாருங்கள். முத்திரையையும் கொப்பியடிக்கிறார்கள் என்பதால் தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள். பெயரில்லாத கம்பனியின் உண்மையான முத்திரைத் தலைக்கவசம், பெயர் திருடிய தலைக்கவசத்தைவிட நல்லது. உள்ளே விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தைக்குப் பின்னால் தடித்த ரெஜிபோம் இல்லாமல் வெறும் ஓடு தட்டுப்பட்டால் அது தொப்பி மட்டும்தான். ஒருமுறை விபத்தில் அடிபட்டதையும், யாரோ பாவித்ததையும் வாங்க வேண்டாம்.

வாசகர், திருக்கோவில்: யமஹாவுக்கு மலிவுக் கண்ணாடிச் சோடி வாங்கினேன். இடது ஏறுகிறது, வலது ஏறமாட்டேன் என்கிறது. சாமான் பிழையா?

சாமானில் பிழையில்லை, பலவந்தமாகத் திருகாதீர்கள். யமஹாவில் வலது கண்ணாடியின் மரை மற்றப் பக்கம் சுற்றும். அடிபட்டால் உடையாமல் கழன்று திரும்பட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். மரை மாற்றும் சிறிய இணைப்பு ஒன்று கண்ணாடி விற்கும் கடைகளிலேயே கிடைக்கும். வாங்க முன் உங்கள் பைக்கின் மரை 10 மில்லிமீற்றரா 8ஆ என்று பார்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு நடை அக்கரைப்பற்றுக்குப் போக வேண்டிவரும்.