உப்புக்காற்றில் ஒரு ஸ்பிட்ஃபயர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தந்தையார் ஆசையோடு வைத்திருந்த 1969-ஆம் ஆண்டு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 கார் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. எங்கள் வீடு கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் உள்ளது. மழைக்காலம் முழுவதும் காரைத் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டி வைக்கிறேன். வாரம் ஒருமுறை துணியால் துடைக்கிறேன். அப்படியிருந்தும் கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்பளித்துக்கொண்டு வருகிறது. என்ன செய்யலாம்? (வாசகர், குளச்சல்)

பதில்: முதலில் அந்தத் தார்ப்பாயை அவிழ்த்துவிடுங்கள். பாதுகாப்பு என்று எண்ணித் தாங்கள் செய்த காரியமே துருவுக்குத் துணைபோயிருக்கிறது. மழைக்காலத்தில் அடுக்களையில் கல்லுப்புச் சட்டி தானாகவே நீர்விட்டுக் கசிவதைப் பார்த்திருப்பீர்கள்; அதன்மேல் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. கடலுப்போடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே கரைந்துவிடும். ஆகவே கடற்காற்று தகட்டின்மேல் படியவிட்டுப் போகும் உப்பு, ஒரு துளி மழை படாமலேயே ஈரப்படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும்; காற்றுப் புகாத தார்ப்பாய் அந்த ஈரத்தை உலரவிடாமல் அடைத்துவைக்கும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஸ்பிட்ஃபயரின் மூத்த உறவான டிரையம்ப் ஹெரால்டு கார் ஒன்றின் கதவைச் சுரண்டி வெறுந்தகடாக்கி, பெயின்ட் அடிக்க நாளாகும் என்பதால் பாலித்தீனில் நன்றாகச் சுற்றி, ஐப்பசி மழைக்கு முன் பட்டறை மூலையில் சாய்த்துவைத்தேன். தை மாதம் பிரித்தபோது உள்பக்கம் முழுவதும் செம்பொடியாக உதிர்ந்தது.

மூடித்தான் ஆக வேண்டுமென்றால், காற்று போய்வரும் பருத்தித் துணி உறையைத் தளர்வாகப் போடுங்கள், அதுவும் கூரைக்குக் கீழே நிற்கும்போது மட்டும். ஓட்டுக்கூரை போட்ட, இரண்டு பக்கம் காற்றோட்டமுள்ள சிமென்ட் தளக் கொட்டகை போதுமானது. தகரக்கூரை விடியற்காலையில் வியர்த்து மேலிருந்து சொட்டும் என்பதால் அதை நான் விரும்புவதில்லை.

அடுத்தது தாங்கள் வாரந்தோறும் துடைக்கும் துணி. தங்கள் ஊருக்குப் பக்கத்து மணவாளக்குறிச்சியில் அரசு நிறுவனமான இந்திய அருமணல் ஆலை கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் கனிமங்களுள் கார்னெட்டும் ஒன்று. உப்புத்தாள் என்று நாம் கடையில் வாங்கும் தேய்ப்புத்தாள்களில் ஒரு வகை இந்தக் கார்னெட்டைக் கொண்டே செய்யப்படுகிறது. அந்த மணல் காற்றில் வந்து படிந்திருக்கும் பெயின்டை உலர்ந்த துணியால் துடைப்பது என்ன வேலை என்பதை இனி நான் விளக்க வேண்டியதில்லை. முதலில் தண்ணீரை வழியவிட்டு மணலை இறக்கிவிட்டு, பிறகே சோப்புநீரில் நனைத்த துணியைத் தொடுங்கள். தண்ணீரிலும் கவனம் தேவை. கடலோரத்துக் கிணறும் ஆழ்துளைக் குழாயும் பெரும்பாலும் உவர்நீர்தான் தரும். அதில் கழுவினால் கழுவிய உப்புக்குப் பதில் வேறு உப்பைப் பூசியதாக முடியும். வாயில் ஊற்றிப் பாருங்கள், கரித்தால் வேண்டாம். கூரையிலிருந்து பிடித்துவைத்த மழைநீருக்கு நிகரானது இல்லை. மேல்பக்கத்தைவிட அடிப்பக்கத்துக்கும் சக்கரக் குழிகளுக்கும் அதிகத் தண்ணீர் செலவழியுங்கள். ஸ்பிட்ஃபயரில் முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கித் திறப்பதால் இந்த வேலை மற்ற கார்களைவிட எளிது.

இனி கொப்பளத்துக்கு வருவோம். ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டம் (சேஸி) ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கிச் செய்யப்பட்டது. ஆனால் ஹெரால்டில் இருக்கும் பக்கவாட்டு இரும்புகள் இதில் இல்லாததால், கதவுக்குக் கீழே ஓடும், ‘சில்’ (sill) எனப்படும் பெட்டி போன்ற பகுதியே காரின் உறுதியில் பெரும்பங்கைச் சுமக்கிறது. எனவே அங்கே தெரியும் கொப்பளத்தை அழகுக் குறையாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கதவின் அடிவிளிம்பிலும் சில்லின் அடியிலும் தண்ணீர் வடிவதற்கென்று சிறு ஓட்டைகள் உண்டு. ஒரு ஈர்க்கை எடுத்து அந்த ஓட்டைக்குள் மெதுவாக விட்டுத் திருப்பிப் பாருங்கள். அண்மையில் ஒரு காரில் நான் அப்படிச் செய்தபோது, முதலில் எதுவும் வரவில்லை. இரண்டாம் திருப்பில் களிம்பு போல ஒரு கறுப்புச் சேறு ஈர்க்கோடு வந்தது, வெயிலில் காட்டினால் அதில் மணல் மினுமினுத்தது. அதன் பின்னால் ஒரு டம்ளர் அளவுக்குத் துருநிறத் தண்ணீர் வடிந்தது. மழை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. பெயின்ட் வேலை செய்த பட்டறை ஒன்றில் இந்த ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து வழவழப்பாக்கிக் கொடுத்ததையும் கண்டிருக்கிறேன். வாடிக்கையாளரும் மகிழ்ச்சியோடு கூலி கொடுத்திருந்தார்.

கொப்பளத்தை ஸ்குரு டிரைவரின் முனையால் அழுத்துங்கள். உள்ளே போகாவிட்டால் சுரண்டி, துருவை உறுதியான படலமாக மாற்றும் துருமாற்றி திரவம் பூசி, ரெட் ஆக்சைடு கொடுத்துப் பெயின்ட் அடிக்கலாம். உள்ளே போனால் வெட்டி எடுத்துப் புதுத்தகடு பற்றவைப்பதே வழி. ஆனால் சில்லை வெட்டுமுன் கதவு வாயிலில் குறுக்குக் கம்பி கொடுத்து நிறுத்தாவிட்டால் உடல் நடுவில் தொய்ந்து, பிறகு கதவு பூட்டாது. இதை டிங்கரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வேலை முடிந்து நன்றாக உலர்ந்த பிறகு, சித்திரை வெயிலில், சில்லின் உள்ளே மெழுகு வகைத் துருத்தடுப்பியை நீண்ட குழாய் முனையால் பீய்ச்சுங்கள். பலர் சொல்லும் பழைய என்ஜின் ஆயில் வேண்டாம். அது ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், புழுதியையும் கூட்டிச் சேர்க்கும். தார் போன்ற கெட்டிப் பூச்சு வெடித்தால் அதன் பின்னால் தண்ணீர் தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் தின்னும்.

ஒன்று கூடுதலாகச் சொல்லிவிடுகிறேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியன் என்ற மரையிட்ட இணைப்புக்குள் மழைநீர் புகும் வழக்கம் உண்டு. அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, தொண்ணூறு எண் கியர் ஆயில்தான் விட வேண்டும். விடாமல் போனால் மரையில் துரு ஏறி ஒருநாள் முறிந்து சக்கரம் மடங்கும். இதே ட்ரன்னியன் கொண்ட ஹெரால்டு 1961 முதல் சென்னையில் தயாரிக்கப்பட்டதால், வயதான மெக்கானிக்குகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அந்த ஆயிலை ஊற்றிவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது சான் ஸ்டார்ம் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார். ஃபைபர் உடல் என்பதால் துருக்கவலை இல்லை என்கிறார்கள். ஆனால் எங்கள் சாலையில் டிப்பர் லாரிகள் சிந்திய சேறும் செம்மண்ணும்தான். கவலைப்பட வேண்டுமா? (வாசகர், குலசேகரம்)

பதில்: உடல் துருப்பிடிக்காது என்பது உண்மை, அதைத் தாங்கும் சட்டமும் பிரேக் குழாய்களும் ஆணிகளும் இரும்பு என்பதும் உண்மை. மேலே பளபளப்பாக இருப்பதால் கீழே யாரும் குனிந்து பார்ப்பதில்லை என்பதே ஃபைபர் கார்களின் ஆபத்து. செம்மண் காய்ந்து இறுகினால் ஈரத்தை நாள்கணக்கில் பிடித்துவைக்கும். ஆகவே வீடு திரும்பிய அன்றே, சேறு ஈரமாக இருக்கும்போதே அடிப்பக்கத்தில் தண்ணீர் அடித்துவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் கொடுப்பதாயிருந்தால் லிஃப்டில் ஏற்றும் இடமாகப் பார்த்துக் கொடுங்கள்.

தங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு கேடு உண்டு. ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையை ஒட்டிக் காரை நிறுத்தாதீர்கள். ரப்பர் பாலை உறையவைக்க ஊற்றும் பார்மிக் அமிலத்தின் ஆவி இரும்பை அரிக்கும். பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியா பித்தளையையும் செம்பையும் கெடுக்கும்.

கேள்வி: ஆனி, ஆடிக் காற்றில் என் காரின் கேன்வாஸ் கூரை படபடத்துக் கிழிந்துவிடுமோ என்று அதை மடக்கியே வைத்திருக்கிறேன். சரியா? (வாசகர், ஆரல்வாய்மொழி)

பதில்: சரியல்ல. ஈரத்தோடு மடக்கினால் மடிப்பில் பூஞ்சை பிடிக்கும், பின்கண்ணாடிக்குப் பதிலாகத் தைத்திருக்கும் பிளாஸ்டிக் மடிப்புக் கோட்டிலேயே வெடிக்கும். கூரையை உயர்த்திப் பூட்டி, காரை மூக்கு காற்றை நோக்கியிருக்கும்படி சுவரோரமாக நிறுத்துங்கள். காற்றாலைகளைத் திருப்பும் அந்தக் கணவாய்க் காற்றை எந்த உறையும் தாங்காது. தளர்ந்த உறை பெயின்டைத்தான் தேய்க்கும்.

கேள்வி: குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் பெய்வதால் ஜூன் முதல் டிசம்பர் வரை பழைய காரை வெளியே எடுக்கவே பயமாக இருக்கிறது. ஏழு மாதம் நிறுத்திவைக்கலாமா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: வேண்டாம். நிறுத்திவைத்த கார் ஓடும் காரைவிடச் சீக்கிரம் கெடும். பிரேக் டிரம்மும் கிளட்ச் தட்டும் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதோடு, பழைய ரப்பர் குழாய்களையும் இளக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், டேங்கில் காற்றுக்கு இடமில்லாதபடி நிரப்பிவையுங்கள். ஆனியில் மழை விடும் நாள்கள் நிறையவே உண்டு. சாலை காய்ந்த காலையாகப் பார்த்து, என்ஜினும் சைலன்சரும் நன்றாகச் சூடேறும்வரை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். கொட்டகைக்குள்ளேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது சைலன்சருக்குள் தண்ணீரைச் சேர்ப்பதற்குத்தான் உதவும். திரும்பியதும் கைப்பிரேக் போடாமல், சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுத்து நிறுத்துங்கள்.